மரத்துக்கு ஏற்றிய மருந்து

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது அல்ல. அதற்கு மாத்திரை, டானிக், ஊசி என்று தனித்தனிப் பெயர் இருக்கிறது. மொட்டையாக மருந்து என்று சொன்னால் அது பட்டாசுக்குள் போகிற சரக்கு. "வீட்டுக்காரர் என்ன வேலை பாக்காக?" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் கேட்டு, "மருந்து ரூம்ல இருக்காக" என்று நான் சொன்னால், அதற்குமேல் அவள் பேச்சை வளர்க்க மாட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

என் வீட்டுக்காரர் காளீஸ்வரன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து கலந்துகொண்டிருந்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அங்கே ஒரு ரூம் வெடித்தது. இவருடைய ரூம் இல்லை, அடுத்த ரூம். அதில் இருந்தவர் சுடலை. எங்களுக்குப் பக்கத்து வீடு, இவருக்கு டவுசர் போட்ட காலத்திலிருந்து கூட்டாளி. கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். சுடலையின் மனைவி கருப்பம்மாள் மதினி அதன்பிறகு என்னென்னவோ தொழில் செய்து பார்த்தார், எதுவும் கால் ஊன்றவில்லை. இவர் வீட்டில் உட்கார்ந்தார்.

நான் வேல்விழி. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் லேபிள் வெட்டுகிற பிரிவில் இருக்கிறேன். என் சம்பளம் இரண்டு வயிற்றுக்குப் போதும். ஆனால் உழைத்துப் பழகிய மனுஷன் காலையில் பெண்டாட்டியை பஸ் ஏற்றிவிட்டு, மாலையில் அதே இடத்தில் வந்து நிற்பது பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை, நிற்கிறவருக்குத்தான் தெரியும். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். கேட்டால் தண்ணீர் தாகம் என்பார்.

ஒரு நாள் கை சும்மா இருக்க மாட்டாமல் என் காய்கறிக் கத்திக்குப் புதுப் பிடி போட்டுத் தந்தார். மல்லாங்கிணற்றில் என் சித்தப்பா வீட்டைப் பிரித்தபோது, கூரையில் சட்டமாகக் கிடந்த பனங்கைகளை விறகுக்கு ஆகும் என்று வாங்கி வந்து போட்டிருந்தோம். அதில் ஒரு துண்டை அறுத்து, அரம் போட்டு வழவழவென்று ராவியிருந்தார். பனை மரத்தின் அழகு வெளியே தெரியாது, அறுத்தால்தான் தெரியும். வெளிறிய சதைக்குள் கருகருவென்று நார் ஓடும். சாய்த்து அறுத்தால் அந்த நார் மழைச்சாரல் மாதிரி விழும். எனக்கே பெருமையாக இருந்தது, அதனால் அச்சகத்துக்கு மாங்காய் வெட்டக் கொண்டுபோனேன்.

அன்று பெட்டி லேபிள் அடிக்க வந்தாள் பிரீத்திகா. விருதுநகரில் மல்லி, எண்ணெய் மண்டி வைத்திருக்கிற குடும்பத்து மருமகள். மண்டியில் உட்காரப் பிடிக்காமல் சமையல் கத்தி வியாபாரம் தொடங்கியிருந்தாள். இரும்பை ஒரு பட்டறையில் அடித்து வாங்கி, பிடி போட்டு, போனிலேயே ஊர் ஊருக்கு விற்கிறாள். நான் நீட்டிய மாங்காயை விட்டுவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, இது என்ன மரம்?"

"பனங்கை."

"எங்க பழைய குடோன் கூரையில அம்புட்டும் இதுதானே கெடக்கு! உள்ள இப்படி இருக்கும்னு யாரும் சொல்லலையே."

அவள் கேட்டபடி இவர் சில பிடிகள் செய்து கொடுத்தார். சில நாளில் எல்லாம் திரும்பி வந்தன. நாலு தரம் கழுவியதும் சதை ஊதி, நார் தனியாக, சதை தனியாகப் பிரிந்து நின்றது. பிரீத்திகா கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கே வந்து, நாங்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். மரத்துக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரெசின் என்கிற பிசினை ஏற்ற வேண்டும். அது உள்ளேயே இறுகிவிட்டால் தண்ணீருக்கு வேலை இல்லை. இதற்கென்றே வெளிநாட்டிலிருந்து ஒரு ரெசின் வருகிறது.

"அத வாங்குனா கத்தி விலைய விடப் பிடி விலை கூடிரும்க்கா. வேற ஏதாவது கட்டுப்படியாகுற மாதிரி கெடைக்குமான்னு பாருங்க. ஒரு ராத்திரி பூரா வாளித் தண்ணியில கெடந்து, காலையில ஊதாம இருக்கணும். அப்படிக் குடுத்தீங்கன்னா எத்தனை செஞ்சாலும் நான் எடுத்துக்கிறேன்."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். அந்த வாரமே இன்னொரு செய்தியும் வந்தது. கம்பெனிக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டதாம். போர்மேன் முத்துக்கிருஷ்ணன் பைக்கை நிறுத்தாமலே வாசலில் சொல்லிவிட்டுப் போனார். "ஆடி பொறக்கவும் வந்துரு காளீஸ்வரா. மருந்து ரூமுக்குப் பழகுன ஆளு வேணும். சீசன் ஆரம்பிச்சா மூச்சுவிட முடியாது."

அப்போது ஆனி பிறந்திருந்தது. ஆக, எனக்கு விஷயம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. ஒரு வாளித் தண்ணீரை அந்தப் பிடி தாங்கினால் என் புருஷன் வீட்டில் இருப்பார். ஊதினால் மருந்து ரூமுக்குப் போவார். பிரீத்திகாவுக்கு அது வியாபாரம். எனக்கு அது வேறு.

என் தம்பி புகழேந்தி சாத்தூரில் பிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பழைய பிரிட்ஜிலிருந்து கம்ப்ரசரைக் கழற்றி, என்னுடைய மூடி போன குக்கருக்கு மேலே கனமான கண்ணாடித் தகடு வைத்து, ரப்பரும் டியூபும் மாட்டிக் காற்று உறிஞ்சுகிற மிஷினாக்கிக் கொடுத்தான். இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு தெரிந்தது.

"இதுக்குள்ள கட்டையப் போட்டு, மருந்த ஊத்தி, காத்த உறிஞ்சணும். அம்புட்டுத்தானே மாப்ள?" என்றார்.

மருந்து என்றுதான் சொன்னார். நாக்குப் பழக்கம் என்று நானும் விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் எதிலாவது எதையாவது ஊற்றிச் செலுத்தினால் அது மருந்துதான். அந்த ஒரு சொல்லால் என்ன ஆகப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

முதலில் சிவகாசி ஹார்டுவேர் கடையில் இரண்டு டப்பாவாக விற்கிற பசையை வாங்கினோம். மேஜைக்கு மினுமினுப்பு ஏற்றுகிற அதே சாமான். தேன் மாதிரி இருந்தது. கம்ப்ரசர் அரை நாள் கத்தியது. கட்டை கண்ணாடி போட்ட மாதிரி பளபளவென்று வந்தது. நான் வாயெல்லாம் பல்லாக நிற்க, இவர் அதை நடுவில் அறுத்தார். உள்ளே பழைய பனங்கை அப்படியே இருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு உருண்டாலும் ஒட்டுகிற மண்தானே ஒட்டும். அவ்வளவு கெட்டியான பசை நாருக்குள் எப்படி நுழையும்?

"தின்னர் ஊத்தி இளக்குவோமா?" என்றேன். இளக்கினோம். உள்ளே போனது, ஆனால் இறுகவில்லை. நாள்கணக்கில் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. கத்தியைப் பிடித்தால் கத்தி நம்மைப் பிடித்துக்கொண்டது.

அடுத்து தண்ணீர்த் தொட்டி, படகு எல்லாம் ஒட்டுகிற பைபர் ரெசின். தூத்துக்குடியிலிருந்து வருகிறது, விலையும் மலிவு, தண்ணியாகவும் இருக்கும். ஆனால் அதில் இன்னொரு சின்னப் புட்டியிலிருந்து சில சொட்டு விட்டுக் கலக்க வேண்டும். கலந்தால் தானாக இறுகும். எவ்வளவு நேரத்தில் இறுகும் என்பது நம் கையில் இல்லை, வெயில் கையில் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். கலந்து குக்கரில் ஊற்றி, கட்டைகளை அமுக்கி, கம்ப்ரசரைப் போட்டோம். கண்ணாடி வழியாகக் குமிழி வருவதை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழி நின்றது. குக்கரைத் தொட்டேன், சுட்டது. அடுப்பில் வைக்காத குக்கர் சுட்டது. டியூப் கழன்று, கண்ணாடிக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது.

"மருந்து சூடாயிருச்சு! ஓடு!"

அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தோள்பட்டை ஒரு மாதம் வலித்தது. தெருக்கோடி வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நின்றோம். திரும்பிப் பார்த்தால் தெருவே எங்கள் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஒருத்தன் ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று கேட்கிறவன் கிடையாது. மருந்து என்று காதில் விழுந்தால் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடு என்பதுதான் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

ஒன்றும் வெடிக்கவில்லை. வெடிக்கிற சரக்கும் அது இல்லை. இறுகும்போது சூடு வரும், வெயிலில் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் சிரித்துக் கலைவதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்வதாக யாரோ போன் போட்டிருந்தார்கள். எஸ்.ஐ. அம்மா குக்கரைத் தூரத்தில் நின்றே பார்த்தார்.

"என்னய்யா மருந்து அது?"

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது. சமயத்தில் உண்மை சொல்லவும் தெரியாது. "மரத்துக்கு ஏத்துற மருந்துங்கம்மா" என்றார். கூட வந்த ஏட்டு இரண்டு எட்டு பின்னால் வைத்தார்.

"அம்மா, அது பசை! டேங்க் ஒட்டுற பசை!" என்று நான் நடுவில் புகுந்து, குக்கரைக் கவிழ்த்துக் காட்டினேன். கட்டைகள் உள்ளே சிக்கிக்கொள்ள, கல்லாக இறுகிய ஒரு உருண்டை என் குக்கரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. எஸ்.ஐ. அம்மா அதைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கத்திப் பிடியை எடுத்துப் பார்த்தார். பிறகு அந்தச் சின்னப் புட்டியைக் கையில் வாங்கி எழுத்தைப் படித்தார். "பட்டாசு இல்ல, சரி. ஆனா இந்தப் புட்டியும் தீப்பிடிக்கிற சரக்குதான். வீட்டுல படுக்குற எடத்துல வச்சிருக்கீங்க. இனிமே பாத்தேன், கேஸ்தான்" என்றார். கோபமாகச் சொன்னாலும் அவர் சொன்னது நியாயம்.

போன் போட்டது யார் என்று எனக்கு விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கருப்பம்மாள் மதினி சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குக் கோபத்தில் உச்சி மயிர் நட்டுக்கொண்டது.

"ஏன் மதினி, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா? நாங்க என்ன வெடியா செய்றோம்?"

"மருந்துன்னு கத்துனது உம் புருசன். நான் கத்தல."

"அதுக்குப் போலீசா?"

"ஏலா, எம் புருசன ஒரு தடவ அள்ளுனது போதும். உங்க ரெண்டு பேரையும் அள்ளுறதுக்கு எனக்குத் தெம்பு கெடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதனாலேயே கோபம் இன்னும் கூடியது.

அன்று இரவு இவர் சாப்பிடவில்லை.

"வேண்டாம் புள்ள. விட்ரு. கம்பெனிக்கே போயிர்றேன்."

"ஒரு குக்கர் போனதுக்கா?"

"குக்கருக்கு இல்ல. அங்கன மருந்துக்குன்னு தனி ரூம் இருக்கு. நாலு பக்கமும் கதவு இருக்கு. எது ஆனாலும் எனக்கு மட்டும் ஆகும். இங்கன நீயும் பக்கத்துல நிக்கிறியே. குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கிற."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சொன்னதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று, "நீங்க போறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். எனக்கு மட்டும் ஆகும் என்கிறாரே, அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறவளுக்கு என்ன ஆகும் என்று இந்த மனுஷனுக்கு யார் சொல்வது? பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் புகழேந்திக்குப் போன் போட்டு ஆத்திரம் தீரப் பேசினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவனும் சும்மா இருக்கவில்லை. கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் வார்க்கிற பட்டறையில் அவனுக்குக் கூட்டாளி ஒருவன் உண்டு. வார்ப்பில் வந்த பம்பில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் இருக்குமாம். அதை அடைப்பதற்கு ஒரு திரவத்தில் போட்டுக் காற்றை உறிஞ்சி, பிறகு வெந்நீரில் முக்குவார்களாம். துளைக்குள் போனது அங்கேயே இறுகிவிடுமாம்.

"இரும்போட ஊசி ஓட்டைக்குள்ள போகும்னா பனங்கைக்குள்ள போகாதாக்கா? வெளிநாட்டுச் சரக்குல கால்வாசி விலைகூட இல்ல. வேற எதையும் கலக்க வேண்டியதில்ல. கேன நெழல்ல வச்சா அது பாட்டுக்குக் கெடக்கும். கொதிக்கப்போற வெந்நீர்ச் சூடு பட்டாத்தான் இறுகும். வெளியில காத்தோட்டமா வச்சுச் செய், நெருப்பு வேண்டாம், கரண்ட் அடுப்பு போதும். கையில உறை போட்டுக்கோ."

இன்னொரு பழைய குக்கரோடு புகழேந்தியே கேனையும் கொண்டுவந்தான். திறந்தால் தண்ணீர் மாதிரி இருந்தது. இது இறுகும் என்று சூடம் அடித்துச் சொன்னாலும் நம்ப முடியாது. இவர் ஒதுங்கியே நின்றார். ஆனாலும் கை கேட்கவில்லை. கட்டைகளைப் போட்டு, ஊற்றி, கம்ப்ரசரை அவரே ஓட்டினார். குமிழி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பொழுது சாய்ந்தும் நிற்கவில்லை.

"ஈரம் இருக்குக்கா மரத்துல" என்றான் புகழேந்தி.

"நம்ம ஊரு வெயிலுல மூணு நாள் காஞ்ச கட்டைடா!"

"வெடி காயுறதுக்கு அது போதும். மரத்துக்குப் பத்தாது. அடுப்புல போடணும்."

இந்த ஊரில் காய்வது என்றால் வெயில்தான். பட்டாசானாலும் வத்தலானாலும் தரையில் பரப்பிவிட்டு வானத்தைப் பார்ப்போம். ஒரு பொருளைக் காய வைக்க நெருப்பைத் தேடுவது எங்கள் புத்திக்கு எட்டாது. சாத்தூரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிற பெத்தணன் அண்ணாச்சியிடம் கெஞ்சி, ரொட்டி எடுத்தபிறகு ஆறுகிற அடுப்பில் ரெசின் தொடாத வேறு கட்டைகளை அடுக்கினோம். எடை இனிக் குறையாது என்கிறவரைக்கும் அடுக்கி எடுத்தோம். அடுத்த தடவை குமிழி நின்றது. கட்டைகள் திரவத்துக்குள் மூழ்கி, குடித்துக் குடித்துக் கனத்துக் கிடந்தன.

இனிச் சூடு காட்ட வேண்டும். புறவாசலில் கரண்ட் அடுப்பு வைத்து, என் இட்லிக் கொப்பரையைத் தண்ணீரோடு ஏற்றினேன். கட்டைகளை அலுமினிய ஜிகினாத் தாளில் இறுக்கிச் சுற்றித் தட்டில் அடுக்கினேன். இவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏ புள்ள, அத எறக்கு."

"எதுக்கு?"

"மருந்துல சூடு பட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. எறக்குன்னா எறக்கு."

புகழேந்தி சொன்னதெல்லாம் அவருக்கும் தெரியும், கேனில் எழுதியிருந்ததும் தெரியும். எல்லாம் தெரிந்து என்ன? அது மருந்து. மருந்தைச் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று அந்த உடம்பு பழகியிருக்கிறது. அப்படிப் பழகியதால்தான் இன்றைக்கு உயிரோடு நிற்கிறார். நான் அதட்டப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை நாளாக எந்த ரெசின், எந்த ரெசின் என்று அலைந்தேனே, குறை ரெசினில் மட்டும் இல்லை, நாங்கள் அதைக் கூப்பிடுகிற பெயரிலும் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்தாங்க, இது என்ன மரம்?" என்றேன்.

"பனை."

"பனைக்குள்ள என்ன ஓடும்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பதனி."

"அந்தக் கேன்ல இருக்கிறது தண்ணி மாதிரிதானே இருக்கு? பதனியும் அப்படித்தானே இருக்கு? பதனியக் காய்ச்சாம கருப்பட்டி ஆகுமா? இது மருந்து இல்ல. பதனி. இனிமே இந்த வீட்டுல யாராவது மருந்துன்னு சொன்னீக, இந்தக் கொப்பரையத் தூக்கித் தலையில கவுத்துருவேன்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்தாரே தவிர கிட்டே வரவில்லை. கேனிலிருந்து ஒரு கரண்டியில் கொஞ்சம் ஊற்றி, கொப்பரைக்குள் தட்டின்மேல் சாயாமல் வைத்து மூடினேன். அவர் நிலையை விட்டு வரவில்லை. நான் அடுப்பை விட்டு எழவில்லை. பிறகு மூடியைத் திறந்து கரண்டியை எடுத்து அவருக்கு நேராக நீட்டினேன். கரண்டிக்குள் கண்ணாடி வில்லை மாதிரி இறுகிக் கிடந்தது. வந்து வாங்கினார். நகத்தால் சுரண்டினார். பல்லில் கடிக்கப் போனார், நான் கையைத் தட்டிவிட்டேன்.

"ஆறட்டும்" என்று அவரே சொல்லி என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். அடுப்புக்குப் பக்கத்தில், சூட்டுக்குப் பக்கத்தில். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி வத்திரப்போகுது, பாத்துக்கோ" என்றார்.

அந்தக் கட்டையில் செய்த பிடி வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி கிடந்தது. காலையில் எடுத்துத் துடைத்தால் ராவி வைத்த நாள் போலவே இருந்தது. நாருக்கும் சதைக்கும் நடுவில் விரலை ஓட்டினால் எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பிரீத்திகா தன் வீட்டில் மறுபடியும் ஊறப்போட்டுப் பார்த்தாள், கழுவிப் பார்த்தாள், வெயிலில் போட்டுப் பார்த்தாள். எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான். முகத்துக்காக எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். பிறகு தன் குடோன் கூரைப் பனங்கைகளை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். "தீபாவளிக்கு எல்லாரும் கத்திதான் பரிசா அனுப்புறாங்கக்கா. உங்களால எம்புட்டு முடியுமோ அம்புட்டும் வேணும்" என்றாள். எங்களால் முடிந்தது அவள் கேட்டதில் பாதிகூட இல்லை. ராவுவதற்கு இன்னொரு கை வேண்டும் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கொப்பரையும் பத்தவில்லை. அதில் அதற்குப்பிறகு இட்லி அவிக்கவும் இல்லை; எங்கள் வீட்டில் மூன்று வேளையும் தோசைதான்.

ஆடி பிறந்தது. முத்துக்கிருஷ்ணன் அண்ணாச்சி வந்தார். இந்தத் தடவை பைக்கை நிறுத்தினார்.

"என்ன காளீஸ்வரா, நாளைக்கு வந்துருவேல்ல?"

"வரல அண்ணாச்சி."

"வேற கம்பெனிக்கா?"

"இல்ல. பதனி காய்ச்சுறேன்."

அண்ணாச்சி ஒருமுறை வானத்தைப் பார்த்தார், ஒருமுறை பனை ஏறியே பழகாத இவர் காலைப் பார்த்தார். நான் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் சிரித்தேன்.

"சரி, ஒம் பாடு" என்றார் அவர். "எனக்கும் ஆளு இல்லாம இல்ல. நம்ம சுடலை பொண்டாட்டி கருப்பம்மா நடையா நடக்கா. மருந்து செலுத்துற வேலையாவது குடுங்கன்னு. அவளுக்குக் குடுத்துர்றேன். நாளைக்கு வரச் சொல்லிருதேன்."

பைக் சத்தம் தெருக்கோடிக்குப் போய்விட்டது. இவர் விட்ட இடம் காலியாகவே கிடக்கும் என்று நான் எப்படி நினைத்தேன்? அந்த ரூமுக்கு யாராவது போகத்தானே வேண்டும். பக்கத்து வீட்டில் மருந்து என்ற சொல்லைக் கேட்டதற்கே போலீசைக் கூப்பிட்டவர், அந்த ரூமையே கேட்டு நடையாக நடந்திருக்கிறார். வீட்டுக்குள் அடுப்பு என்ன நிலைமையில் இருந்தால் ஒரு மனுஷி அப்படி நடப்பாள்? நான் இந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"ராவுறதுக்கு ஒரு கை வேணும்னு சொன்னேன்ல" என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.

நான் புறவாசல் சுவருக்குப் போனேன்.

"மதினி."

மதினி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போர்மேன் வந்துட்டுப் போறாரு மதினி."

"பாத்தேன்."

"போகாதீக."

"போகாம? நீ சோறு போடுவியா?"

"சோறு போடல. வேலை போடுறேன். எங்க ரெண்டு பேருக்கும் கை பத்தல. ராவணும், தாள்ல சுத்தணும், அவிக்கணும். உங்களுக்கு வர வேண்டியது வாரா வாரம் கைக்கு வந்துரும். என் மூஞ்சிக்காக வேண்டாம், அவரு மூஞ்சிக்காகவும் வேண்டாம். அந்த ரூமுக்கு மட்டும் போகாதீக."

முறம் நின்றது. மதினி என்னைத் தாண்டி எங்கள் புறவாசலைப் பார்த்தார். கரண்ட் அடுப்பு, கொப்பரை, சுற்றி வைத்த கட்டைகள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"மருந்து இல்லைல?" என்றார்.

"இல்ல மதினி. பதனி."

"ம்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா என்று நான் பார்க்கவில்லை. "அந்தக் கொப்பரையில எம்புட்டு வேகும்?"

"ஒரு தட்டுக்கு எட்டு, ஒம்பது."

"எங்கிட்ட அதவிடப் பெருசு கெடக்கு. அவரு போனப்புறம் இட்லிக் கடை போடலாம்னு வாங்குனேன். ஓடல. பரண்ல கெடக்கு."

எழுந்து உள்ளே போனார். ஏணி இழுபடுகிற சத்தமும், பாத்திரம் உருளுகிற சத்தமும் கேட்டன. தூசியும் ஒட்டடையுமாக அந்தப் பெரிய கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வந்து சுவர்மேல் வைத்தார். அடி கறுக்காமல், புதுசு மாதிரியே இருந்தது.

"கனமா இருக்கும்லா. ரெண்டு கையாலயும் பிடி" என்றார்.

பிடித்துக்கொண்டேன்.